தாளில் இல்லாத வரி

"சரியாகப் படித்தேனா டீச்சர்?"

"சரியாகப் படித்தீர்கள் அண்ணா."

நடந்த பேச்சு இவ்வளவுதான். இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் இன்னும் மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2023இல் முதியோருக்கான எழுத்தறிவுத் தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண். எங்கள் மையத்தில் வாசிப்பைக் கேட்டு மதிப்பெண் போட்டவள் நான். பாடம் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். நான் அண்ணா என்று கூப்பிடுகிற என் மாணவர் தாளை வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒரே சீராகப் படித்தார். "மழை பெய்தது. ஏரி நிறைந்தது. அம்மா நாற்று நட்டாள். அப்பா வரப்பு வெட்டினார். நெல் விளைந்தது."

அப்பா வரப்பு வெட்டிய வரி அந்தத் தாளில் இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்தது. தேர்வுத் தாளில் அதை விட்டிருந்தார்கள். அவர் விரல் கடைசி வரிக்குப் போய்விட்டது, வாய் மட்டும் இல்லாத வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாடம் முழுவதையும் மகள் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் 41 போட்டேன். 50 போட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் போட்ட 41 அது. அதனால் ஏதோ அவசரத்தில் கை தவறிவிட்டது என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வாசலில் அவர் மகள் நின்றிருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். அவள் முன்னால் நாற்பத்தேழு வயதுக்காரரை எப்படித் தோற்கடிப்பது? இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் மகள் நிற்காத நாளாக இருந்தால் வேறு மதிப்பெண் போட்டிருப்பேனா? மையத்தின் பட்டியலில் தேர்ச்சி பெறாதவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்ற எண்ணம் அன்று எனக்குள் இல்லவே இல்லையா? இருந்தது.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு, எழுத்து பிடிபடாதது எப்படி மறைந்துபோகிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீட்டுப் பேச்சு தமிழ், அலுவலகம் மலையாளம். அவரை முதலில் மலையாளப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து வரவில்லை. வீட்டில் தமிழ், அதனால்தான் வரவில்லை என்றார் அங்கிருந்த ஆசிரியர். தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். மலையாளத்தில் தொடங்கியவன், இரண்டும் கலந்துபோய்விட்டது என்றார் இங்கிருந்த ஆசிரியர். மூன்றாம் வகுப்போடு தேங்காய்க் களத்துக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு எழுத்துமே அவருக்குப் பிடிபடவில்லை என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு அவரே அந்தச் சாக்கைச் சொல்லக் கற்றுக்கொண்டார். பொள்ளாச்சி பஸ் நிலையத்தில், "நான் மலையாளத்தில் படித்தவன், இந்தப் போர்டில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்பார். பாலக்காட்டில், "எனக்குத் தமிழ்தான் தெரியும், இது எந்த ஊருக்குப் போகிறது?" என்பார். எங்கள் பக்கம் இப்படிக் கேட்பவரை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. முப்பது வருடம் அப்படியே போயிருக்கிறது. இதை அவரே என்னிடம் சொன்னபோது அதில் வெட்கம் எதுவும் தெரியவில்லை. வழி தெரிந்த ஒருவர் வழி சொல்வதைப் போலச் சொன்னார்.

நானும் அதையேதான் நம்பினேன். மலையாள எழுத்து குறுக்கே வருகிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று. 'கொடி' என்று எழுதிக் காட்டினால் 'கெடி' என்பார், ஒரு நிமிடம் கழித்து 'காடி' என்பார். 'கொ' என்ற ஓசையில் முதலில் வருவது 'க்', ஆனால் எழுத்தில் முதலில் நிற்பது கொம்பு, கடைசியில் நிற்பது கால். நமக்கு ஆறு வயதில் பழகிப்போன இந்த ஏற்பாடு அவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக இருந்தது. மலையாளத்திலும் இதே கொம்பு இதே இடத்தில்தான் நிற்கிறது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கவனம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கார்த்தியாயினி அம்மாவின் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆலப்புழைக்காரர், 2018இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 வாங்கியவர். "இந்தப் பாட்டியால் முடிகிறது, நம்மால் முடியாதா?" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். அடுத்த வாரம் முழுக்க அவர் வரவில்லை. களத்தில் காய் அதிகம் என்றுதான் சொன்னார். இப்போது நினைத்தால், மகளை உட்கார வைத்துப் பாடத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கியது அந்த வாரத்தில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் தாளில் இல்லாத அந்த வரியை அவர் வாயில் போட்டதே நான்தானே?

தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் அவர் அடுத்த படியான, நான்காம் வகுப்புக்குச் சமமான நான்காம் தரத் தேர்வுக்குத் தானாகவே பெயர் கொடுத்தார். நான் எதிர்பார்க்கவில்லை. சான்றிதழ் கிடைத்ததும் நின்றுவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகனின் நோட்டைப் பார்த்தேன். அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, என்று உறுதியாகி, தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். அந்த நோட்டிலும் அதே கெடி, அதே காடி. எனக்குக் கொடுத்த பயிற்சியில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை. அன்று இரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1995ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான், கற்றல் குறைபாடு அதில் கிடையாது. 2016 சட்டத்தில் 21 வகை, அதில் இருக்கிறது. குறைபாடு 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் தேர்வில் எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கிருந்த உளவியலாளர் இளைஞர், பொறுமையானவர். குறை சொல்ல எதுவும் இல்லை. அவரிடம் இருந்த பரிசோதனை சிறுவர்களுக்காக உருவாக்கியது. கற்றல் குறைபாட்டுச் சான்றுக்காக 2018 ஜனவரியில் வந்த நெறிமுறையே 8 வயதில் ஒருமுறை, 14இல் ஒருமுறை, 18இல் ஒருமுறை என்றுதான் பேசியது. 18இல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்றது. எங்கள் அண்ணனுக்குப் பதினெட்டு வயது ஆனபோது வருடம் 1994. அந்த ஏழு வகைச் சட்டம்கூட அப்போது வந்திருக்கவில்லை.

"எத்தனை வருடம் பள்ளிக்குப் போனீர்கள்?" என்று கேட்டார். மூன்று என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். போதிய படிப்பு கிடைக்காததால் எழுத்து வராமல் போயிருந்தால் அதைக் கற்றல் குறைபாடு என்று எழுத முடியாதாம். அவர் சொன்னது மருத்துவப்படி சரி. ஆனால் இவர் ஏன் மூன்றாம் வகுப்போடு நின்றார்? எழுத்து வராததால்தானே நின்றார்? எழுத்தறிவுத் திட்டம் இவரைப் பள்ளி கிடைக்காதவர் என்று பார்க்கிறது. குறைபாட்டுக்கான விதி, பள்ளி கிடைத்தும் வராதவரைத் தேடுகிறது. 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிக்கச் சொல்கிறது, குழந்தைகளிடம். 18ஆவது பிரிவு முதியோர் கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சம இடம் வேண்டும் என்கிறது, கண்டுபிடிப்பது பற்றி அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பிரிவுக்கும் நடுவே இவரைப் போல எத்தனை பேர் நிற்கிறார்கள்?

இதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் அடுத்து நடந்தது. அண்ணன் தன் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே மதிப்பெண் பட்டியல். அந்த இளைஞர் அதை எடுத்துப் பார்த்தார். "வாசிப்பில் 41 வாங்கியிருக்கிறாரே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கீழே என் கையெழுத்து. நான் பேசவில்லை. "அது உண்மையான மதிப்பெண் இல்லை" என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 41க்காகத் தலையை லேசாக நிமிர்த்தியிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "என்ன சொன்னார்கள் டீச்சர்?" என்று கேட்டார். "உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொல்கிறார்கள் அண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "அப்படியென்றால் நான் மக்குதானா?"

இல்லை என்று சொன்னேன். தினமும் ஆயிரம் காய் உரித்து, ஐந்து பேர் கணக்கை மனதிலேயே வைத்திருக்கிற ஆள் மக்கா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். தேர்வு நாளில் நான் "சரியாகப் படித்தீர்கள்" என்றபோதும் அவர் இப்படித்தான் தலையாட்டினார். என் சொல்லை அன்று அவர் நம்பினாரா, அல்லது நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் பேசாமல் இருந்தாரா? எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

1991 ஏப்ரல் 18இல் கோழிக்கோட்டில் சேலக்கோடன் ஆயிஷா மேடையேறி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று அறிவித்தார். புதிதாகப் படிக்கக் கற்றவர் வாயால் அந்த அறிவிப்பு வந்ததை நான் இன்றும் பெருமையாக நினைக்கிறேன். அண்ணனுக்கு அப்போது வயது 15. இப்போது என் 41ஆல் அவரும் எழுத்தறிவு பெற்றவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டார். இனி எழுத்தறியாதவர்களைத் தேடி யார் வந்தாலும் அவர் வீட்டு வாசலில் நிற்க மாட்டார்கள்.

வாசிப்பு மதிப்பெண் தவறு என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் என் பொறுப்பு போகலாம், அதற்கு நான் தயாராகத்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனால் சான்றிதழும் போகும். அதை மகள் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். கடிதம் போனாலும் மருத்துவமனையின் முதல் கேள்வி அப்படியே இருக்கும், பள்ளிக்குப் போனது மூன்று வருடம்தான். அப்புறம் யாருக்காக அனுப்புவது? இப்படிக் கேட்பது நியாயமா, அல்லது அனுப்பாமல் இருக்க நான் தேடிய வழியா?

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் இன்னும் வருகிறார். தேர்வுப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தரையில் வண்ணச் சாக்பீஸால் ஒரு அடி உயரத்துக்கு 'கொ' எழுதுகிறேன். கொம்பும் காலும் ஒரு நிறம், நடுவில் இருக்கும் எழுத்து வேறு நிறம். நடுவில் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குகிறேன். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. படித்து முடித்ததும் பழையபடியே, "சரிதானா டீச்சர்?" என்று கேட்கிறார். நான் அவர் விரல் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.