கதிரை

பேச்சுச் சிகிச்சைப் பயிற்சியின் முதல் நாள் என் முன்னால் இருந்தவனுக்கு வயது மூன்றரை. "தம்பி இன்னும் வடிவாக் கதைக்கேல்லை மிஸ்" என்றார் தாய். பக்கத்திலிருந்த அம்மம்மா, "இவன்ரை தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவன். நாக்குக்குக் கீழை வெட்டிவிட்டால் சரிவராதோ பிள்ளை?" என்று கேட்டார். அவன் நாக்கை நீட்டி மேலுதட்டை நக்கிக் காட்டினான். வெட்ட அங்கே ஒன்றுமில்லை.

ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இந்தத் துறையை ஆங்கிலத்தில் படித்தேன். அங்கே கிளினிக் பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. தாய்மார் சொல்வதைப் பாதி ஊகித்துத்தான் குறிப்பெழுதினேன். யாழ்ப்பாணத்துக்குப் பயிற்சிக்கு வரும்போது இனி மொழி தடையில்லை என்று நம்பினேன்.

கையில் தந்திருந்தது தமிழ்நாட்டில் அச்சான பட அட்டைகள். நாற்காலிப் படத்தைக் காட்டினேன். "கதியை" என்றான். தாளில் 'நாற்காலி' என்றிருந்தது, பிழை போட்டேன். சோப்புக்கு "சவக்காயம்". பிழை. ஆரஞ்சுக்கு "தோடம்பழம்". அதுவும் பிழை. முடிவில் சொல்வளம் மிகக் குறைந்த பிள்ளை ஒன்று தாளில் இருந்தது.

மேற்பார்வை செய்த மிஸ் ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டார். "உங்கடை வீட்டிலை நாற்காலி எண்டு ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊர்ச் சொற்களில் கதிரை, சவக்காரம் என்று எழுதிப் பார்த்தபோது எல்லாம் வெளித்தது. அவனுக்குச் சொற்கள் தெரியும். 'ர' வரும் இடத்தில் 'ய' சொல்கிறான், எங்கும் ஒரே ஒழுங்கில். ராசாவும் "யாசா"தான். ஆனால் "ரீவி" மட்டும் சரியாக வந்தது. கொஞ்சம் யோசித்தால் விளங்கும்: TV, toffee என்பவற்றை நாங்கள் ரீவி, ரொபி என்று எழுதினாலும் அங்கே நாக்கு சொல்வது 'ர' அல்ல, எங்கள் பேச்சில் 'வெற்றி'யில் வரும், ஆங்கில 't' போன்ற அந்த ஒலி. எழுத்தைப் பார்த்துப் புள்ளி போடுகிறவர் இதைத் தவறவிடுவார். நான் தவறவிட்டேன்.

'ர' பிந்தி வரும் ஒலிகளில் ஒன்று. அந்த வயதில் அது பெரிய கவலையில்லை. கவலை வேறிடத்தில் இருந்தது. மூன்று வயது தாண்டினால் மூன்று நாலு சொல் சேர்ந்த வசனங்கள் வரவேண்டும். இவன் இரண்டோடு நின்றான். கேட்டல் பரிசோதனைக்கு அனுப்பினோம். அடிக்கடி வந்த சளி, தடிமனால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. அதைக் காது மூக்கு தொண்டை டொக்ரர் பார்த்துக்கொண்டார்.

அதே கிழமை ஒரு தாத்தா வந்தார். மூளையின் இடப்பக்கத்தில் பாரிசவாதம். 1861இல் பாரிஸில் மருத்துவர் போல் புரோக்கா பார்த்த, 'டான்' என்ற அசையை மட்டும் சொன்ன நோயாளியைப் பற்றி வகுப்பில் படித்திருந்தேன். அந்தப் பாடம் இப்போது வேட்டியோடு முன்னால் இருந்தது. கேட்பதெல்லாம் அவருக்கு விளங்கியது, சொல் வரவில்லை. "எத்தினை பிள்ளையள் தாத்தா?" என்றேன். வாய் திறந்து மூடியது. பிறகு "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." என்று எண்ணத் தொடங்கி, "நாலு" வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். நான்கு பிள்ளைகள். பழகிய வரிசை அவருக்குள் உடையாமல் இருந்தது, அதில் ஏறித்தான் தன் பதிலை வந்தடைந்தார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவரிடம் "வன், டூ" என்று சொல்லி நான் தொடக்கியிருந்தால் அந்த 'நாலு' வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

சனி ஞாயிறு வீட்டில் படம் எடுத்தேன். கதிரை, சுளகு, நீத்துப்பெட்டி, ஏறிக் குந்தித் தேங்காய் திருவும் திருவலை, மூக்குப்பேணி. அச்சிட்டு மட்டையில் ஒட்ட இரண்டு இரவு போனது. அம்மா பக்கத்தில் இருந்து "பாண் பெட்டியையும் எடன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அந்தத் தம்பிக்கு அட்டைகளைப் பரப்பியதும் முதலில் குனிந்தது அம்மம்மாதான். "இஞ்சை பார் ராசா, எங்கடை திருவலை!" இருவரும் கதைக்கட்டும் என்று கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருந்தேன். அவன் அட்டையை எடுத்து நிலத்தில் வைத்து, அதன் மேலே குந்தப் பார்த்தான்.

"அம்மம்மா தேங்காய் தியுவுறா."

மூன்று சொற்கள். அவனுடைய குறிப்புக் கோவையில் திகதி போட்டு அப்படியே எழுதினேன், 'ய'வைத் திருத்தாமல்.