மேற்கோள் எண்களை எந்த மாதிரியில் அடைப்பது?

ஆய்விதழ்களின் மேற்கோள் எண்ணிக்கை கைக்கு வந்ததும் பலரும் சராசரி எடுத்துவிடுகிறார்கள். அதன் ஆபத்தைப் புரிந்துகொள்ள ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற படிகவியல் இதழ் ஒன்றே போதும். 2008-இல் அதன் தாக்கக் காரணி (முந்தைய இரு ஆண்டுக் கட்டுரைகளுக்கு அந்த ஆண்டில் கிடைத்த சராசரி மேற்கோள்) 2.051, மறு ஆண்டு 49.926. இதழின் தரம் ஒரே ஆண்டில் இருபத்துநாலு மடங்கு ஏறிவிடவில்லை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதிய ஷெல்எக்ஸ் மென்பொருள் கட்டுரையை உலகெங்கும் படிகவியலாளர்கள் மேற்கோள் காட்டினார்கள், அவ்வளவுதான்.

சரி, எண்ணிக்கைகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பாய்சான் மாதிரி? சராசரியும் வேரியன்ஸும் (எண்கள் சிதறியிருக்கும் அளவு) சமம், ஒவ்வொரு மேற்கோளும் தனித்தனியாக விழுகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். உண்மையில் ஒரே கட்டுரை ஒரே இதழிலிருந்து நான்கைந்தை ஒருசேர எடுக்கும். மேற்கோள் குவிந்த கட்டுரைக்கே மேலும் குவியும். எனவே வேரியன்ஸ் சராசரியைத் தாண்டி எங்கோ நிற்கும். பாய்சானை நம்பினால் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு, பொய்யாகச் சுருங்கும். இல்லாத வேறுபாடு ‘குறிப்பிடத்தக்கது’ என்று வெளிவரும். தனிக் கட்டுரைகளுக்கு, வேரியன்ஸ் சராசரியை மீற இடம்கொடுக்கும் எதிர்மறை ஈருறுப்பு மாதிரி இதைவிடப் பரவாயில்லை. ஆனால் வெவ்வேறு ஆண்டில் வெளியான, வெவ்வேறு துறைக் கட்டுரைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

இதழ்களை ஒப்பிட எனக்குப் பிடித்தது ஸ்டிக்லர் மாதிரி. இரு இதழ்களுக்கிடையே போன, வந்த மேற்கோள்களை ஜோடியாக வைத்து ஈருறுப்பு லாஜிட் (இரண்டில் ஒன்று நடக்கும் வாய்ப்புக்கான மாதிரி) பொருத்தினால், ஒவ்வொரு இதழுக்கும் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இரு மதிப்பெண்களின் வித்தியாசமே, ஒன்று மற்றதால் காட்டப்படுவதன் லாக்-ஆட்ஸ் (சாதக-பாதக விகிதத்தின் மடக்கை). இதழ் தன்னையே காட்டும் தன்மேற்கோள் தானாகவே கழன்றுவிடும். வரின், கட்டெலன், ஃபர்த் மூவரும் 2016-இல் 47 புள்ளியியல் இதழ்களை இப்படிப் பொருத்தினார்கள். பியர்சன் எச்சங்களின் (மாதிரி சொன்னதற்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள அளவிட்ட வித்தியாசங்கள்) வர்க்கக் கூட்டலை விடுதலை எண்ணால் (தரவு எண்ணிக்கையில் மதிப்பிட்ட அளவுருக்களைக் கழித்தது) வகுத்தபோது, 1-ஐ ஒட்டி வரவேண்டியது 1.76 வந்தது. அதாவது திட்டப்பிழையை அதன் வர்க்கமூலமான 1.33-ஆல் பெருக்க வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘பைனாமியல்’ என்ற இடத்தில் ‘குவாசிபைனாமியல்’ என்று மாற்றினால் போதும். மதிப்பெண் மாறாது, அதைச் சுற்றிய நம்பிக்கை இடைவெளி அகலும். அருகருகே உள்ள இதழ்களின் நம்பிக்கை இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவற்றுக்கு வரிசை எண் போடுவது அநியாயம்.

அடிக்கடி நடக்கும் கோளாறு அட்டவணையின் திசை. அட்டவணையின் கிடை வரிசையில் இருப்பது மேற்கோள் காட்டும் இதழா, காட்டப்படும் இதழா என்று பார்க்காமல் ஏற்றினால் பட்டியல் தலைகீழாகும், மென்பொருள் எச்சரிக்காது. புள்ளியியல் பட்டியலில் முன்னணி இதழான ‘பயோமெட்ரிக்கா’ அடியில் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, இந்த மதிப்பெண் தேர்ந்தெடுத்த இதழ்களுக்குள் மட்டுமே செல்லும். மருத்துவர்களும் உயிரியலாளர்களும் விரும்பிக் காட்டும் புள்ளியியல் இதழுக்கு, அந்த வெளி மேற்கோள் ஒன்றுகூட இதில் சேராது.