பர்வதமலை: கடப்பாறையைப் பிடித்து ஏறிய கதை

எங்கள் கடலூரில் மலை என்று சொல்லிக்கொள்ள கேப்பர் மலை இருக்கிறது, திருவந்திபுரத்தில் ஔஷதகிரி இருக்கிறது. ஔஷதகிரியில் ஹயக்ரீவரைப் பார்க்க 74 படி. அதை மூச்சு வாங்காமல் ஏறிவிட்டேன், பர்வதமலைக்கு நானும் வருகிறேன் என்று யாராவது சொன்னால் எங்கள் சித்தப்பா சிரிப்பார். வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ போய் வந்த கால்தான் அவருக்கு வேண்டும். இந்த மாசியிலும் அப்படித்தான் ஆள் பொறுக்கினார்.

பர்வதமலை திருவண்ணாமலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், உயரம் 4,500 அடி இருக்கும், உச்சியில் சிவன் கோயில். கடலாடி வழியாகவும் ஏறலாம், நாங்கள் தென்மாதிமங்கலம் வழி. அடிவாரத்தில் பச்சையம்மனையும் வீரபத்திரரையும் கும்பிட்டுவிட்டு விடியும்போதே கிளம்பிவிட்டோம். படிக்கட்டு, அப்புறம் கல்லும் வேருமாகக் காட்டுப் பாதை. அதுவரைக்கும் தம் இருந்தால் போதும்.

கடப்பாறைப் பாதை வேறு. செங்குத்துப் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து வைத்திருக்கிறார்கள், கூடவே சங்கிலி. எத்தனை பேர் கை பட்டதோ, பிடிக்கிற இடம் மட்டும் துருவே இல்லாமல் வழவழவென்று மின்னுகிறது, வேர்த்த கை அதில் நிற்காது, அதனால் ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் வேட்டியில் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன், வெறுங்கால்தான் பிடிக்கும் (வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், அது தனிக் கஷ்டம்). "ரெண்டு காலும் ஒரு கையும் ஒட்டியிருந்தாத்தான்டா இன்னொரு கைய எடுக்கணும்" என்று சித்தப்பா மேலே இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே பள்ளத்தை ஒட்டி இரும்பு ஏணிகளும் உண்டு.

பௌர்ணமிக்கு இங்கே வராதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். புண்ணியம் கிடைக்கும், சரி, ஆனால் முன்னால் போகிறவர் கால் நம் தலைமேல் இருக்க, நகர வழியில்லாமல் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றால் கை மரத்துவிடும்.

சங்ககால மன்னன் நன்னனின் நவிரமலை இதுதான் என்பார்கள். அவனைப் பாடிய மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு, கூத்தர்களுக்கு வழி சொல்லும்போதே, பாசி படிந்த இடத்தில் கால் வழுக்கும், சிறுமூங்கிலைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறது. இன்றைக்குச் சங்கிலி இருக்கிறது, ஆனால் மழைக்குப் பிறகு பாசியும் அப்படியேதான் இருக்கிறது.

கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியும் நமச்சிவாயப் பதிகம் பாடி அப்பர் கரையேறியது நம்ம கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் என்பதால், பாறை தொடங்கும் இடத்தில் சித்தப்பா அந்தப் பதிகத்தைத்தான் ஆரம்பிப்பார். பாதி வரி இங்கே, மீதி வரி இரண்டு கடப்பாறை தாண்டி.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. குரங்குக்குத் தப்பித்துக் கொண்டுபோன பாலை நாங்களே சுவாமிக்கு அபிஷேகம் செய்தோம். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து எடுத்துவந்த வில்வத்தைச் சித்தப்பா சாத்தினார். லிங்கத்தின் மேல் பால் வழியும்போது விரல் நடுங்கியது. பக்தியா, கடப்பாறையைப் பிடித்த வலியா, எனக்குத் தெரியவில்லை.

இறங்குவதுதான் கஷ்டம். பாறையைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும், அடுத்த கம்பி எங்கே என்று கால்தான் தேடும். தண்ணீரும் அப்போதுதான் தீரும், அதனால் ஏறும்போதே பாதியை மிச்சம் பிடியுங்கள்.

கீழே டீக்கடையில் தம்பி தொடையை அமுக்கிக்கொண்டே, "அடுத்த தடவ கடலாடி வழியா போலாமா சித்தப்பா?" என்று கேட்டான்.

"மொதல்ல பஸ்ஸுல ஏறு, பாப்போம்" என்றார்.