3243, 3423

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவுக்கு வந்து மரபணு ஆய்வகம் ஒன்றில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் படித்து, இல்லாத நோய் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அறிக்கை கையொப்பத்துக்குப் போவதற்கு முன்பே பிழை பிடிபட்டதால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் அந்தப் பிழையைத் திருத்தப் போன இடத்தில்தான் இந்தத் தீவின் முன்னோர்ப் பெண்களைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டேன்.

ஊதா மூடியிட்ட குழாயில் வந்த அந்த இரத்தம் ஒரு முதிய பெண்மணியுடையது. அடையாளம் தெரியாதபடி மற்ற விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவருக்கு நீரிழிவும் செவித்திறன் குறைவும் இருந்தன. அவருடைய தாய்க்கும் இருந்தன. இப்படிச் சேர்ந்து வரும்போது மருத்துவர்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் சந்தேகிப்பார்கள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் அந்தச் சிற்றுறுப்புக்குத் தனக்கென்று, ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன, 16,569 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. அந்த வளையத்தில் 3243-ஆம் இடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’ வந்தால், இளம் வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்களைத் தரும் ஒரு நோய் வரக்கூடும் என்று 1990-இலும், அதே மாற்றம் சில குடும்பங்களில் நீரிழிவையும் செவிட்டுத்தன்மையையும் சேர்த்தே தருகிறது என்று 1992-இலும் கண்டறிந்தார்கள். எங்கள் துறையில் மற்ற எண்களை மறந்தாலும் இந்த எண்ணை யாரும் மறக்க மாட்டார்கள்.

அந்த வளையத்தை முழுதாக வாசித்து, எழுத்து மாறியிருந்த இடங்களைக் குறித்த பட்டியல் திரையில் வந்தபோது மாலை ஆறு மணி இருக்கும். மேலிருந்து கீழாக விரலை ஓட்டி வந்தவன், எதிர்பார்த்த எண்ணைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் (மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும்) சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த அம்மாவின் மகள்களையும் சகோதரிகளையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்று வரைவில் எழுதினேன். மறுநாள் காலை, காரைக்காலிலிருந்து வந்து அங்கே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரிந்த அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை.

“தம்பி, இந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாத் தமிழ்ல படிங்க.”

“மூணு, நாலு, ரெண்டு, மூணு.”

“இப்ப உங்க மனசுல இருக்குற எண்ணைப் படிங்க.”

படிக்கத் தேவை இருக்கவில்லை. பட்டியலில் இருந்தது 3423. அதிலும் அங்கே ‘டி’ என்ற எழுத்து ‘ஏ’ ஆகியிருந்தது. ‘ஜி’ எங்கும் இல்லை. கண் எழுத்தைப் பார்க்கவே இல்லை, எண்ணின் சாயலை மட்டுமே பார்த்திருக்கிறது. அக்கா அடுத்து சொன்னதுதான் எனக்கு மேலும் உறைத்தது. ஓர் உயிரணுவுக்குள் அந்த வளையத்தின் பிரதிகள் ஏராளம்; 3243 நோய் உடையவர்களிடம் பழுதான பிரதியும் நல்ல பிரதியும் கலந்தே இருக்கும். வயது ஏற ஏற இரத்தத்தில் பழுதானவற்றின் விகிதம் குறைந்துகொண்டே போகும். அந்த வயதில் இரத்தத்தில் அது நூற்றுக்கு நூறு தென்படாது. என் தாளிலோ எல்லாப் பிரதிகளிலும் அந்த மாற்றமே இருந்தது. நோயின் எழுத்து அப்படி வருவதில்லை, பரம்பரையின் எழுத்துதான் அப்படி வரும் என்றார்.

‘மாற்றம்’ என்ற சொல்லையே அன்றிலிருந்து சற்று ஐயத்தோடு பயன்படுத்துகிறேன். எதிலிருந்து மாற்றம்? 1981-இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்ட ஐரோப்பிய டி.என்.ஏ. ஒன்றுதான் உலகம் முழுவதற்கும் ஒப்பீட்டுப் படி. அதிலிருந்து விலகும் ஒவ்வோர் எழுத்தும் பட்டியலில் ‘வேறுபாடு’ என்று அச்சாகிறது; ஐரோப்பியர் ஒருவருக்குப் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிடலாம், எங்கள் தீவுக்காரருக்கு அது நீண்டுகொண்டே போகும். அந்தப் படியிலும் தவறுகள் இருந்தன. 1999-இல் மறுபடி படித்துத் திருத்தினார்கள். திருத்தப்பட்ட இடங்களில் ஒன்று 3423 என்பதை அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது. அந்த இடத்தில் தடுமாறியவன் நான் மட்டும் அல்ல.

அந்த 3423 யாருடையது என்று அக்காவே சொன்னார். பட்டியலில் அதற்குத் துணையாக 1473-உம், கடைசிப் பகுதியில் 16189, 16217, 16247, 16261 என்ற வரிசையும் இருந்தன. பின்னதான நான்கும் பசிபிக் கடலின் பாலினீசியத் தீவுகள் வரை பரவிய ஒரு தாய்வழிக் கிளையின் அடையாளங்கள். அவற்றோடு 1473-உம் 3423-உம் சேர்ந்தால் அது மடகாஸ்கருக்கே உரிய கிளை என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மடகாஸ்கர் எங்களுக்கு மேற்கே சுமார் 700 கி.மீ. தொலைவில் இருக்கிறது, அங்கே பேசப்படும் மலகாசி மொழியின் நெருங்கிய உறவுமொழியோ 7,000 கி.மீ.க்கும் அப்பால் போர்னியோவின் பரித்தோ ஆற்றங்கரையில் பேசப்படுகிறது. கடல் கடந்து வந்த அந்தக் குடியேற்றத்தில் மடகாஸ்கரின் மக்கள்தொகைக்கு வித்திட்ட பெண்கள் ஏறத்தாழ 30 பேர் மட்டுமே என்றும், அது சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றும் 2012-இல் ஒரு குழு கணித்தது. முப்பது பெண்கள் என்றால் ஒரு தெருக் கல்யாணத்தில் முதல் பந்திக்குக்கூடப் போதாது.

அந்தப் பெண்மணியின் குடும்பப் பெயரோ பச்சைத் தமிழ்ப் பெயர். இங்கே ‘மல்பார்’ என்று அழைக்கப்படும் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. (மலபாரோடு அவர்களில் பெரும்பாலோருக்குத் தொடர்பே இல்லை, காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள் அவர்கள். பெயர் வைத்தவர்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை போலும்.) தமிழ்க் குடும்பத்துக்குள் மலகாசித் தாய்வழி எப்படி வந்தது என்பதற்குத் தீவின் வரலாறே விடை. 1663-இல் லூயி பேயன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆளில்லாத இந்தத் தீவில் குடியேறியபோது அவரோடு வந்த மலகாசிகள் பத்துப் பேர்; ஏழு ஆண்கள், மூன்று பெண்கள். அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1848 டிசம்பர் 20-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860-இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. பலர் இங்கிருந்த பெண்களை மணந்துகொண்டார்கள், குடும்பம் தமிழ்ப் பெயரோடு வளர்ந்தது, தீமிதியும் காவடியும் தொடர்ந்தன, தாயின் வளையம் மட்டும் பெயர் ஏதும் இல்லாமல் மகளுக்கும் மகளின் மகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

இதை அறிந்த உற்சாகத்தில் நான் இன்னொரு தவறுக்குத் தயாரானேன். சில மாதங்கள் கழித்து வேறொரு மல்பார் குடும்பத்தின் பட்டியல் வந்தபோது, அது ‘எம்’ என்ற பெருங்கிளையைச் சேர்ந்தது என்று கண்டதும், “அக்கா, இது நம்ம ஊர்” என்று கத்தாத குறையாகச் சொன்னேன். இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்வழி ‘எம்’ கிளையில்தான் வரும் என்பதால் என் கணிப்பு முட்டாள்தனமானது அல்ல. ஆனாலும் அக்கா விடவில்லை. “எம் எத்தனாவது எம்? எம்23-ஆ இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

எம்23 என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். மதிய உணவு நேரத்தில் 2009-இல் வந்த அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். மடகாஸ்கரின் தென்மேற்குக் காட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் மிக்கியா, அவர்களுக்கு அண்டையில் கடலை நம்பி வாழும் வேசோ, நடுமேட்டு நிலத்து மெரினா ஆகிய மூன்று மக்களிடமிருந்து 266 பேரை ஆராய்ந்ததில், ‘எம்’ மரத்தின் அடித்தண்டிலேயே பிரிந்த, அதுவரை அறியப்படாத ஒரு கிளை கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது அது மடகாஸ்கரிலும், ஆப்பிரிக்காவிலும் தென்மேற்கு ஆசியாவிலும் உள்ள ஒரு சில மக்களிடையேயும் மட்டுமே காணப்பட்டது. ‘எம்’ ஆசியாவில் தழைத்த பெருங்கிளை. அப்படிப்பட்ட ஒரு கிளை போர்னியோப் படகுகளோடு வந்திருந்தால் அதன் உறவுகள் தென்கிழக்குத் தீவுகளில் தென்பட வேண்டும். அவை தென்படாமல் மேற்குப் பக்கமாகவே கிடைத்திருப்பதால், மடகாஸ்கரின் குடியேற்றம் போர்னியோவும் ஆப்பிரிக்காவும் சந்தித்த கதை மட்டுமல்ல, அதைவிடச் சிக்கலானது என்று அந்த ஆய்வாளர்கள் முடித்திருந்தார்கள்.

எனக்கு அந்த முடிவு வியப்பாக இல்லை, ஏனென்றால் அதன் சாட்சி அன்றாடம் என் பக்கத்து மேசையில் இருந்தது. மஹாஜங்காவிலிருந்து வந்த மலகாசிப் பயிற்சியாளர் ஒருத்தி செவ்வாய்க்கிழமையைத் ‘தலாத்தா’ என்பாள், வெள்ளிக்கிழமையை ‘சுமா’ என்பாள். கிழமைப் பெயர்கள் ஏழும் அரபியிலிருந்து வந்தவை. மடகாஸ்கரின் தென்கிழக்கில் அரபு எழுத்தில் மலகாசி மொழியை எழுதிவைத்த பழைய சுவடிகளும் உண்டு. வணிகர்கள் கொண்டுவந்த சொல் கிழமைகளில் தங்கியது. அவர்களோடு வந்த, அல்லது அவர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த ஒரு பெண் இருந்தால், அவள் சொல்லாகத் தங்கவில்லை, எழுத்தாகத் தங்கியிருப்பாள். இது என் ஊகம் மட்டுமே. ஊகத்தை அறிக்கையில் எழுத எனக்கு அனுமதி இல்லை, இங்கே எழுதலாம். என்னைக் கத்தவைத்த அந்தப் பட்டியல் கடைசியில் எம்2 என்று தேறியது, அதாவது தென்னிந்தியாவில் ஆழ வேரோடிய கிளை. நான் சொன்னது சரியாகப் போனதில் அக்காவுக்கு ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

இவற்றில் எதையும் நோயாளிகளிடம் சொல்வதில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி மரபணுச் சோதனை மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமே உரியது. வேர் தேடுவதற்காகத் தனியாரிடம் எச்சில் அனுப்புகிறவருக்கு 3,750 யூரோ வரை அபராதம். சான் ஆந்த்ரே கோயிலில் ஒரு தைப்பூசத்தன்று இதை ஒரு பெரியவரிடம் விளக்க வேண்டியதாயிற்று. ஆவணக் காப்பகத்தில் நகலெடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பாட்டனாரின் தகப்பனார் பெயர், அவருக்குத் தோட்டத்தில் கொடுத்த எண், எழுத்தர் சிதைத்து எழுதிய ஊர்ப் பெயர் எல்லாம் அதில் இருந்தன. “உங்க மிஷின் இந்த ஊரைச் சொல்லுமா?” என்று கிரெயோலும் தமிழும் கலந்து கேட்டார்.

சொல்லாது என்றேன். அவர் தேடுவது தந்தைவழி, மைட்டோகாண்ட்ரியா தாய்வழி. கேட்பது ஒரு வீட்டை, கிடைப்பது வேறு வீட்டின் கதவு. பன்னிரண்டு தலைமுறை பின்னால் போனால் மூதாதையர் வரிசையில் 4,096 இடங்கள் உண்டு, அந்த வளையம் அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசும் என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அந்த ஒண்ணு யாரு?” என்று கேட்டார். அவருடைய தாளில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். கோயில் மணி அடித்ததும் அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

அக்கா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய வழக்கம் போகவில்லை: நோய் தொடர்பான எந்த எண்ணையும் எங்கள் மேசையில் இருவர் உரக்கப் படிக்க வேண்டும். சென்ற மாதம் மலகாசிப் பயிற்சியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து, நீங்கள் அடிக்கடி சொல்லும் உங்கள் மூதாட்டியின் எண் வந்திருக்கிறது என்று சிரித்தாள். படிக்கச் சொன்னேன். மூன்று, இரண்டு, நான்கு, மூன்று என்று பிரெஞ்சில் படித்தாள். எழுத்தையும் படிக்கச் சொன்னேன். ‘ஏ’ போய் ‘ஜி’ வந்திருந்தது, நூற்றுக்குப் பதினொன்று பிரதிகளில். அவள் சிரிப்பு நின்றது. மறுபடி ஒருமுறை இருவரும் படித்துவிட்டு, நான் மருத்துவருக்குத் தொலைபேசியை எடுத்தேன்.