திரையில் தெரியும் நம்பர் யாருடையது?

"போலீஸ் ஸ்டேஷன் லேண்ட்லைனிலிருந்துதான் பேசுகிறேன். சந்தேகமாக இருந்தால் இந்த நம்பரை நெட்டில் போட்டுப் பாருங்கள்." கூப்பிட்ட மோசடிக்காரனே இப்படிச் சொல்வான். லைனைத் துண்டிக்காமல் தேடிப் பார்த்தால் அதே நம்பர் அந்த ஸ்டேஷன் பெயரில் இருக்கும். அத்தோடு பலருக்குச் சந்தேகம் போய்விடுகிறது. அவன் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஏனென்றால் திரையில் தெரியும் நம்பரைப் போலியாக எழுத முடியும்.

இன்டர்நெட் வழியாக ஒரு கால் கிளம்பும்போது, பேச்சுக்கு முன்னால் 'இன்வைட்' என்ற சின்னச் செய்தி ஒன்று போகிறது. அதில் 'ஃப்ரம்' என்று ஒரு வரி. கூப்பிடுபவரின் நம்பர் அங்கேதான் எழுதப்படுகிறது, வெறும் எழுத்தாக. ஒழுங்கான தொலைபேசி நிறுவனம், தான் கொடுத்த நம்பரைத் தவிர வேறெதையும் அந்த வரியில் எழுத விடாது. ஆனால் கண்டுகொள்ளாமல் விடும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அங்கே வங்கி நம்பரை எழுதினாலும் போகும், கமிஷனர் அலுவலக நம்பரை எழுதினாலும் போகும். கால் இரண்டு மூன்று நெட்வொர்க்குகள் கைமாறி இங்கே வந்து சேரும்போது, முதலில் அந்த வரியை எழுதியது யார் என்பது கடைசி நெட்வொர்க்குக்குத் தெரியாது. தபால் உறையில் அனுப்புநர் முகவரி எழுதுவது மாதிரிதான். தபால்காரர் அதைச் சரிபார்த்துவிட்டா கொண்டுவந்து தருகிறார்?

உங்கள் போனும் இதில் அவனுக்கு உதவி செய்துவிடுகிறது. வந்த நம்பரை நீங்கள் சேமித்துவைத்த நம்பர்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பெயரையும் படத்தையும் காட்டும். வங்கியின் நம்பரை 'பேங்க்' என்று சேமித்திருந்தால், போலி காலுக்கும் 'பேங்க்' என்றே வரும். ட்ரூகாலர் போன்ற செயலிகளும் நம்பரைப் பார்த்துத்தான் பெயர் சொல்கின்றன. அந்த நம்பரிலிருந்துதான் கால் கிளம்பியதா என்று அவற்றால் பார்க்க முடியாது.

இந்தியாவில் இதற்கு ஒரு பெரிய தடுப்பு வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 22 அன்று தொலைத்தொடர்புத் துறை, வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பரோடு வரும் போலி கால்களைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியது. அதன் தர்க்கம் எளிமையானது. வெளிநாட்டிலிருந்து +91 மொபைல் நம்பரோடு ஒரு கால் வந்தால், அந்த சிம் அப்போது வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது போலி. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி கால்கள் பிடிபட்டன. இந்திய நம்பரோடு வெளிநாட்டிலிருந்து வந்த கால்களில் அது 90 சதவீதம் என்று அரசு அறிவித்தது.

கதவை அடைத்ததும் மோசடிக்காரர்கள் ஜன்னலுக்குப் போனார்கள். ஒரு கூட்டம் வெளிநாட்டு நம்பர்களிலிருந்தே நேராகக் கூப்பிடுகிறது. +77, +84, +85, +86, +89 என்று தொடங்கும் தெரியாத கால்களில் கவனமாக இருக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது. இதில் +89 எந்த நாட்டுக்கும் ஒதுக்கப்படாத குறியீடு. அப்படி ஒரு நம்பர் வந்தாலே போலி என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு கூட்டம் சிம் பாக்ஸ் வைத்திருக்கிறது. வாடகை அறை ஒன்றில் பல சிம்கள் செருகிய பெட்டி இருக்கும். வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும் பேச்சு, அந்த சிம்களில் ஒன்றின் வழியாக உள்ளூர் காலாக மாறி வெளியே வரும். இங்கே நம்பர் போலியில்லை, உண்மையான சிம்தான். யாரோ ஒருவர் பெயரில் வாங்கியதாக இருக்கும்.

இந்த வித்தியாசம் உங்களுக்கு ஏன் முக்கியமென்றால், திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்க்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம்பர் போலியாக எழுதப்பட்டதென்றால், கால் பட்டியலில் அதைத் தொட்டுக் கூப்பிட்டால் உண்மையான வங்கிக்கே போகும். 'வங்கிதான் எடுத்தது, அப்படியானால் முன்பு பேசியவரும் வங்கிதான்' என்று முடிவுகட்டினால் தவறு. இரண்டும் வெவ்வேறு வழி. மாறாக அது சிம் பாக்ஸ் கால் என்றால், திரும்பக் கூப்பிடுவது மோசடிக் கூட்டத்தின் சிம்முக்கே போகும். ஆகவே கால் பட்டியலைத் தொடவே வேண்டாம். லைனைத் துண்டித்துவிட்டு, ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ வங்கிச் செயலிக்குள்ளேயோ இருக்கும் நம்பரைப் புதிதாக அழுத்திக் கூப்பிடுங்கள். எடுத்தவரிடம் "என் கணக்கு பற்றி இன்று இத்தனை மணிக்கு நீங்கள் கூப்பிட்டதாகப் பதிவு இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் சரிபார்ப்பு. கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி வரும் நம்பரை எடுக்காதீர்கள். அங்கேயும் போலி நம்பர்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

வங்கி, காப்பீட்டு நிறுவனம், அரசுத் துறை ஆகியவற்றின் சேவைக் கால்களுக்கு 1600 என்று தொடங்கும் வரிசையும், விளம்பரக் கால்களுக்கு 140 வரிசையும் ஒதுக்கியிருக்கிறார்கள். '10 இலக்க மொபைலிலிருந்து ஹெட் ஆபீஸ்' என்றால் சந்தேகப்படக் காரணம் உண்டு. அதற்காக 1600 என்று தெரிந்தால் ஓடிபி சொல்லலாம் என்று அர்த்தமில்லை. 'டிராய் பேசுகிறது, இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், 9 அழுத்துங்கள்' என்ற கால் எந்த நம்பரிலிருந்து வந்தாலும் பொய். டிராய் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம், அது தனிநபர் இணைப்பைத் துண்டிப்பதில்லை. வீடியோ காலிலேயே கைது செய்திருப்பதாக மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

அடுத்தது கால் ஃபார்வர்டிங், அதாவது உங்களுக்கு வரும் காலை வேறு நம்பருக்குத் திருப்பிவிடுவது. இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். "உங்கள் பார்சல் டெலிவரி பையன் நம்பருக்கு இதை டயல் பண்ணுங்கள்" என்று *21* போட்டு, பின்னால் ஒரு மொபைல் நம்பரும் # குறியும் சேர்த்து அனுப்புவான். டயல் செய்த நொடியிலிருந்து உங்களுக்கு வரும் எல்லாக் கால்களும் அவனுக்குப் போகும். குரல் வழி வரும் ஓடிபி, வாட்ஸ்அப் உறுதிப்படுத்தும் கால், பதறிப்போய் வங்கி உங்களைக் கூப்பிடும் கால் எல்லாம் அவன் காதில்தான் விழும். *401# போன்ற குறியீடுகள் வழியாக ஃபார்வர்டு செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி நிறுவனங்களிடம் தொலைத்தொடர்புத் துறை சொன்னது. அதனால் எல்லா வழியும் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கால்கள் வேறெங்காவது போகின்றனவா என்று இப்போதே *#21# டயல் செய்து பாருங்கள். தெரியாத நம்பர் ஏதாவது வந்தால் ##002# டயல் செய்யுங்கள், எல்லா ஃபார்வர்டிங்கும் போய்விடும். போன் அணைந்திருக்கும்போது அல்லது எடுக்காதபோது வாய்ஸ்மெயிலுக்குப் போகும்படி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து ரத்தாகும், பிறகு மறுபடி வைத்துக்கொள்ளலாம். 'இன்னொரு கால் வரும், மெர்ஜ் பண்ணுங்கள்' என்பதும் இதே வகைதான். வருவது ஓடிபி சொல்லும் தானியங்கிக் கால். மெர்ஜ் செய்தால், அதாவது இரண்டு கால்களையும் ஒன்றாக இணைத்தால், அவனும் கேட்பான்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: எந்த வங்கி, கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் யுடிஆர் எனப்படும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைச் செயலியின் வரலாற்றில் பார்க்கலாம். அதைச் சொன்னால்தான் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பார்த்து அங்கே நிறுத்திவைக்க முடியும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால் நிமிடக் கணக்கில் அவசரம். உறவினரிடம் யோசனை கேட்பதெல்லாம் அப்புறம். 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். வங்கிக்குத் தனியாகச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நடந்த இழப்பு உங்களுடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. புகார் எண்ணோடு நேரமும் பதிவாகியிருக்க வேண்டியது அதனால்தான்.

பணம் போகவில்லை, கால் மட்டும் வந்தது என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியில் சந்தேகக் கால்களைத் தெரிவிப்பதற்கான 'சக்ஷு' பகுதிக்குப் போங்கள். 30 நாட்களுக்குள் வந்த கால்களைத்தான் அங்கே தெரிவிக்க முடியும். இந்திய நம்பரோடு வந்த வெளிநாட்டுக் கால் என்று தெரிவிக்கவும் அதே செயலியில் தனி இடம் இருக்கிறது. அந்த நம்பரை உங்கள் போனில் பிளாக் செய்வதில் பெரிய பயனில்லை. அடுத்த கால் வேறு நம்பரில் வரும், பிளாக் ஆனவர் ஒன்றும் அறியாத யாரோவாக இருக்கலாம்.

அந்த யாரோ நீங்களாகவும் இருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு "ஏன் மிரட்டினாய்?" என்று திட்டினால் உங்கள் நம்பரை யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் செயலியில் உங்கள் கால் விவரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அந்தக் கால்கள் அதில் இல்லையென்றால் உங்கள் சிம்மில் கோளாறில்லை, நம்பர் மட்டும்தான் திருடப்பட்டிருக்கிறது. அந்தக் கால்கள் பட்டியலில் இருந்தால் விஷயம் வேறு. போனில் புகுந்த செயலியையும் சிம்மையும் உடனே சோதிக்க வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் சஞ்சார் சாத்தியில் பார்த்து, உங்களுடையது அல்லாததை 'என் நம்பர் இல்லை' என்று குறித்துவிடுங்கள். திட்டுகிறவர்களிடம் "என் நம்பரைப் போலியாகக் காட்டியிருக்கிறார்கள், 1930-க்குச் சொல்லுங்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். நம்பரை மாற்ற வேண்டியதில்லை.