சாவி கைக்கு வந்ததும்

நான் கோயம்புத்தூரில் ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது. கூப்பிடுகிறவர் வண்டியை ஓட்டிக் கொடுப்பதுதான் தொழில். நேற்று டாக்டர் ஒருவரின் புது கிரெட்டா, இன்று காலை கல்யாண வீட்டுக்காரரின் பழைய ஆம்னி, நாளை யாருடையதோ. கிளட்ச் எங்கே பிடிக்கிறது, கியர் எப்படி விழுகிறது என்பதெல்லாம் இரண்டு தெரு தாண்டுவதற்குள் பழகிவிடும். பிரேக் அப்படியில்லை. சாதாரணமாக ஓட்டும்போது எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் நிற்கும். குறுக்கே ஆடு ஓடி வருகிற நொடியில்தான் வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

அதனால் சாவி கைக்கு வந்ததும் ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் போட்டு டேஷ்போர்டைப் பார்ப்பேன். ஏபிஎஸ் என்பது, பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது வீல் சுற்றாமல் இறுகிப்போகாதபடி பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. அந்தப் பெயர் எழுதிய மஞ்சள் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைந்தால் நல்லது. எரியவே இல்லையென்றால் பெரும்பாலும் அது ஏபிஎஸ் இல்லாத வண்டி. எரிந்தது அணையாமல் நின்றால், இருந்தும் இல்லாத வண்டி. சாதாரண பிரேக் மட்டும் பிடிக்கும். "அது எப்பவுமே எரியுங்ணா, கண்டுக்காதீங்க" என்று சொல்லும் ஓனர்கள் நிறைய. சில சமயம் வீல் பக்கத்து சென்சாரில் அப்பிய சேற்றைத் துடைத்தாலே அணைந்துவிடும். அதற்குக்கூட வண்டியைக் காட்ட மாட்டார்கள்.

ஓனரையே கேட்கலாமே என்பீர்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் கவலையில்லை, கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் பல மாடல்களில் மேல் வேரியன்ட்டுக்கு மட்டும்தான் ஏபிஎஸ். ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறம், ஒரே வருஷம். அண்ணன் வண்டியில் இருக்கும், தம்பி வண்டியில் இருக்காது.

நாங்கள் கூடுகிற டீக்கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அங்கே ஒரு பெரியவர் உண்டு. லாரியில் கிளீனராகத் தொடங்கி, நாலு வீலிலும் பழைய டிரம் பிரேக் வைத்த அம்பாசடர் டாக்சியை வெகு காலம் ஓட்டியவர். ஏபிஎஸ் என்றாலே அவருக்கு ஆகாது. "கால்ல இருக்கணும் தம்பி பிரேக்கு. பொட்டியில இருந்து என்னத்துக்கு?" என்பார். அவர் பழகிய விதம் அப்படி. பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் வீல் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் இறுகிவிடும், ஸ்டியரிங் செத்துப்போகும். அதனால் மிதி, விடு, மறுபடி மிதி. அவர் காலத்து டிரைவர்களுக்கு இதுதான் பாலபாடம். பின் வீல் முதலில் லாக் ஆனால் வண்டி சுற்றிவிடும் என்பதை, எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் சரியாகச் சொல்லுவார்.

பேசிக்கொண்டே இருந்தால் எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காளப்பட்டிப் பக்கம் வீடு எதுவும் வராத ஒரு லேஅவுட்டுக்குப் போனோம். ஏபிஎஸ் இல்லாத பழைய ஜென் ஒன்று, ஏபிஎஸ் உள்ள ஸ்விஃப்ட் ஒன்று. தார் ரோடு ஓரமாகச் செங்கல் வைத்து, ஐம்பதில் வந்து செங்கல்லைத் தாண்டியதும் பிரேக் அடிப்பது என்று முடிவு. வேறு வேறு வண்டி, வேறு வேறு டயர், இதெல்லாம் பரிசோதனையா என்று இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காய்ந்த தாரில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஜென் டயர் கதறிக்கொண்டு, கருப்புக் கோடு போட்டு, ஸ்விஃப்ட்டைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றது. பெரியவர் தன் பாணியில் மிதித்து விட்டு மிதித்து, அதாவது பம்ப் பண்ணி, அடித்தபோது அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அடுத்து தண்ணீர் வண்டிக்காரரைக் கேட்டு ரோட்டை நனைத்தோம். இப்போது ஜென் நன்றாக வழுக்கிக்கொண்டு போய், ஸ்விஃப்ட் நின்ற இடத்தைவிட ஒரு காரின் நீளத்துக்கும் மேல் தாண்டி நின்றது. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு ஒருதடவை வழுக்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் பிடிமானம் இல்லை அல்லவா, அதே கதைதான். சுழன்றுகொண்டே லேசாக வழுக்கும் டயருக்கு இருக்கிற பிடி, சுழற்சி நின்று தேய்கிற டயருக்கு இல்லை. ஏபிஎஸ் செய்வதெல்லாம் அந்தப் பிடியிலேயே டயரை வைத்திருப்பதுதான். ஒரு வீலின் சுழற்சி மற்றதைவிட வேகமாகக் குறைவதை சென்சார் சொன்னதும், அந்த வீலுக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு குறைக்கும், வீல் சுற்றத் தொடங்கியதும் மறுபடி ஏற்றும். நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவைகூட இது நடக்கும். பெரியவர் காலால் செய்யும் அதே வேலைதான். ஆனால் அவர் காலுக்கு நாலு வீலும் ஒரே பெடல். இது ஒவ்வொரு வீலாகப் பார்க்கிறது. ஆகாய விமானங்களில் 1950களிலேயே இதன் முன்னோடி வந்துவிட்டது. மின்னணு முறையில் பாஷ் கம்பெனி செய்து பென்ஸ் எஸ் கிளாஸில் வந்தது 1978-ல்.

அன்றைக்கு என்னை அசத்தியது நின்ற தூரம் அல்ல. நனைந்த ரோட்டின் நடுவே காலி தண்ணீர் கேன் ஒன்றை வைத்து, பிரேக்கை முழுசாக மிதித்தபடியே ஒதுக்கி ஓட்ட வேண்டும் என்றோம். ஜென்னில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தும் வண்டி நேராகவே போய்க் கேனைப் பறக்க விட்டது. ஸ்விஃப்ட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை, வண்டி விலகிப் போய் நின்றது. ஏபிஎஸ் என்றால் சீக்கிரம் நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிற்கும்போதே திருப்பலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம். அதைப் பயன்படுத்துகிறவர்கள் கம்மி. பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேராகவே போகிறோம்.

இன்னொன்று, ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலை உதைக்கும். கடகடவென்று கீழே சத்தம் வரும். முதல்தடவை அனுபவிக்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. இதில் பம்ப் பண்ணவும் கூடாது. பண்ணினால் அது பிடிக்கிற அழுத்தத்தை நீங்களே கெடுக்கிறீர்கள். பெரியவர் ஸ்விஃப்ட்டில் உட்கார்ந்ததும் பழைய வழக்கப்படி மிதித்து மிதித்து விட்டார். ஜென்னைவிட மோசமாகப் போய் நின்றது. "பாத்தீங்களா" என்றார் வெற்றியோடு. நான் வாயே திறக்கவில்லை. "அமுக்கிப் பிடிச்சிட்டு விடாதீங்கப்பா" என்று வேறொரு டிரைவர்தான் சொன்னார்.

ஆனால் அவருக்கும் ஒரு ரவுண்டு கிடைத்தது. லேஅவுட் கடைசியில் ஜல்லியும் மண்ணுமாகக் கிடந்த இடத்தில் ஜென்தான் முதலில் நின்றது. லாக் ஆன டயர் ஜல்லியைத் தோண்டி முன்னால் குவித்துக்கொள்ளும், அந்தக் குவியலே வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் வீலைச் சுற்ற விட்டுக்கொண்டே இருப்பதால் குவியல் சேராது. மண் ரோட்டில் ஏபிஎஸ் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இதை எந்த ஷோரூமிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியவர் சொல்லும் இன்னொரு குறையை என்னால் மறுக்க முடியவில்லை. "ஏபிஎஸ் இருக்குதுன்னு நம்பியே முன்னாடி வண்டி பின்னால ஒட்டிக்கிட்டுப் போறானுங்க" என்பார். 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு டாக்சி கம்பெனியின் கார்களில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ், மற்றதற்கு இல்லை. வருஷக்கணக்கில் கவனித்தார்கள். விபத்துகளில் பெரிய வித்தியாசமே இல்லை. ஏபிஎஸ் கார் ஓட்டியவர்கள் முன் வண்டிக்கு நெருக்கமாகப் போனார்கள், வளைவை இன்னும் வேகமாக ஒடித்தார்கள். மழை நாளில் வாளையார் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், மியூனிக் வரை போக வேண்டியதில்லை. எண்பதில் போகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகும். கால் பெடலுக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகிவிட்டால், அந்த 22 மீட்டரில் எந்த ஏபிஎஸ்ஸுக்கும் வேலை கிடையாது. மொட்டை டயரோடு ஓட்டினால் மீதித் தூரத்திலும் பெரிதாகக் கிடையாது.

மலை இறக்கத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. போன சீசனில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பிரேக் சூடாகாமல் இருக்க, செகண்ட் கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் இருந்த ஓனருக்குப் பொறுக்கவில்லை. "ஏபிஎஸ் வண்டிதானுங்க தம்பி, எதுக்கு இன்ஜினை இப்படிக் கத்த விடறீங்க? டீசல் என்னத்துக்கு ஆகும்?" ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் கியரில் இறங்கினால் இந்தக் காலத்து இன்ஜின் டீசலையே நிறுத்திக்கொள்ளும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பர்லியாரில் டீக்கு நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு புது கார், முன் வீல் இரண்டிலும் புகை, பிரேக் பேட் கருகிய நாற்றம். அதன் டிரைவர் பாட்டில் தண்ணீரோடு குனிந்தார். "ஊத்தாதீங்கண்ணா, டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா நிக்கட்டும்" என்றேன்.

எங்கள் ஓனர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்க வண்டில ஏபிஎஸ் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"டாப் எண்டுங்க, எல்லாமே இருக்குதுங்க" என்றார் அந்த டிரைவர்.