எல்லா லைட்டும் ஒண்ணாத் துடிக்குது தம்பி

“எல்லா லைட்டும் ஒண்ணாத் துடிக்குது தம்பி. ஒரு வயரக் கழட்டிப் பாக்கவா?”

“வேணாம் ஐயா. எதையும் தொடாதீங்க. நான் வர்றேன்.”

பேக்டரி கிளாக்கர் ஐயாவுக்கும் நெட்வர்க் வேலை பார்க்கும் எனக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி பொகவந்தலாவைப் பக்கம் அந்தத் தோட்டத்து பேக்டரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஐப்பசி மழை, பாதையெல்லாம் மூட்டம். போன பிறகு வேலை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கம்ப்யூட்டர் நிறுவையைப் பதியவில்லை. மத்தியானக் கொழுந்தோடு வந்த பெண்கள் மழையில் காத்து நின்று, கடைசியில் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள்.

கிளாக்கர் ஐயா சொன்ன அந்த முதல் வாக்கியத்திலேயே விடை இருந்தது. சாதாரண நாளில் ஒஃபிஸில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டியான சுவிட்சின் விளக்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மின்னும். கேபிள் குத்தும் ஓட்டையான போர்ட் ஒன்றில் யாரோ பிரின்ட் கொடுப்பார், இன்னொன்றில் கேமரா ஓடும். கேபிள் குத்தியிருக்கும் எல்லாப் போர்ட்டும் ஒரே தாளத்தில், விடாமல் துடித்தால் அதற்கு அநேகமாக ஒரே அர்த்தம்தான்: எங்கோ லூப் விழுந்து, அதாவது கேபிள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் போகும் புரோட்காஸ்ட் செய்தி எல்லாப் பக்கமும் கொட்டுகிறது. இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு: விளக்கு எரிகிறது, அப்படியென்றால் சுவிட்சுக்குக் கரண்ட் இருக்கிறது, கோளாறு வேறிடத்தில்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்றால், என் பக்கத்திலிருந்து பார்க்க அது ஒரு நெட்வர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாதை காட்டும் ரவுட்டிங் பிரச்சினையாகவே தெரிந்தது. பேக்டரி ரவுட்டரும் எங்கள் ரவுட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க் வழியாக, ரவுட்டர்கள் பாதைகளைப் பரிமாறும் மொழியான ஓ.எஸ்.பி.எஃப். பேசுகின்றன. 10 நொடிக்கு ஒரு ஹலோ. 40 நொடிக்குள் ஒன்றும் வராவிட்டால் அண்டை ரவுட்டர் செத்ததாகக் கணக்கு. லொக்கில் அந்த 40 நொடி முடிந்த செய்திதான் திரும்பத் திரும்ப வந்தது. லிங்க் எழும்பும், இரண்டு மூன்று நிமிடம் நிற்கும், விழும். பதில் வருகிறதா என்று பிங் போட்டால் பாதி தொலைகிறது. வெளியே அடை மழை. மலைநாட்டில் இந்த வேலை பார்க்கும் யாருடைய கையும் முதலில் ரேடியோவுக்குத்தான் போகும்.

ரேடியோவைப் பார்க்கவும் செய்தேன். சிக்னல் மைனஸ் 61 டி.பி.எம். காலையிலும் அதே மைனஸ் 61. 5 கிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டர் தூரத்துக்கு மழை பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் மழைக்குப் பயப்பட வேண்டும். இந்தப் பாதையில் கெடுதல் செய்வது பார்வைக் கோட்டுக்குள் வளர்ந்து வந்த யூகலிப்டஸ் மரங்களின் நனைந்த இலை. அது செய்கிற வேலை என்றால் சிக்னல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்த எண் என் கண் முன்னால் இருந்தது.

அடுத்து எம்.டி.யு. மீது, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு மீது, சந்தேகப்பட்டேன். அதுவும் நிற்காது. இரண்டு பக்கமும் எம்.டி.யு. வேறுபட்டால் அண்டை உறவு எக்ஸ்டார்ட் நிலையிலோ எக்ஸ்சேஞ்ச் நிலையிலோ சிக்கிக்கொள்ளும். முழுதாக இணைந்த ஃபுல் நிலைக்கு வரவே வராது. இது ஃபுல்லுக்கு வந்து வந்து விழுந்தது. ஃபுல் வரை போய் விழுகிறது, சிக்னலில் மாற்றமில்லை என்றால் ஹலோவை அனுப்ப வேண்டிய பெட்டிக்கே மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

உண்மையில் நடந்தது அதுதான். புரோட்காஸ்ட்டை ரவுட்டர் தாண்ட விடாது. அதனால் பேக்டரிக்குள் அடித்த புரோட்காஸ்ட் ஸ்டோர்மில் ஒரு துளிகூட எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் “இந்த முகவரி யாருடையது” என்று எல்லோரையும் கேட்கும் ஏ.ஆர்.பி. கேள்வி ஒவ்வொன்றையும் ரவுட்டரின் சி.பி.யு. எடுத்துப் பார்த்தாக வேண்டும். நொடிக்குப் பல்லாயிரம் வந்து குவிந்தால் அதற்கு ஹலோ அனுப்ப நேரமில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு ரவுட்டரின் திணறல் மட்டும்தான் தெரியும். திணறலுக்குக் காரணமான சுவிட்சைப் பார்க்கக்கூடியவர் அந்த அறையில் நிற்கும் ஆள் ஒருவர்தான். அவரோ பார்த்ததைச் சொல்லிவிட்டார்.

லூப் விழுந்த இடம் மடுவம். அங்கே மேசைக்கடியில் 8 போர்ட் சாதாரண சுவிட்ச் ஒன்று. ஈரத்தைக் கூட்டுவதற்காக மேசையை நகர்த்தியபோது போன் கேபிளின் ஒரு முனை கழன்று தொங்கியிருக்கிறது. நல்ல மனதோடு யாரோ அதைக் காலியாக இருந்த போர்ட்டில் குத்திவிட்டார்கள். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. ஐ.பி. பொட்டலத்துக்கு டி.டி.எல். உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து பூச்சியத்தில் செத்துவிடும். அதைச் சுவிட்சுகளுக்கிடையே சுமக்கும் ஈதர்நெட் பிரேமுக்கு அப்படி ஒரு ஆயுள் கிடையாது. ஒரே ஒரு ஏ.ஆர்.பி. கேள்வி போதும்; கேபிளைக் கழற்றும் வரை சுற்றிக்கொண்டேயிருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் மற்றப் போர்ட்டுகளுக்கெல்லாம் ஒரு பிரதி போகும்.

லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இருக்குமே என்று கேட்பீர்கள். ஒஃபிஸ் சுவிட்சில் இருந்தது. ரேடியா பெர்ல்மன் 1985-இல் அதை உருவாக்கியதே இந்த ஆபத்துக்காகத்தான். ஆனால் அது தான் அனுப்பும் பி.பி.டி.யு. என்ற செய்தி சுற்றித் திரும்பி வந்தால்தான் லூப்பைக் கண்டுபிடிக்கும். அந்தச் செய்திக்கென ஒதுக்கிய மேக் முகவரிக்கு (வன்பொருள் முகவரி) வரும் பிரேமை எந்த சுவிட்சும் கடத்தக்கூடாது என்பது தரநிலை. மலிவு சுவிட்சுகளில் சில கடத்திவிடும், சில விழுங்கிவிடும். மடுவத்தில் இருந்தது விழுங்கும் வகை: ஸ்பானிங் ட்ரீ பேசத் தெரியாது, பேசுபவனின் செய்தியையும் திருப்பாது. அதனால் அந்தச் செய்தி வந்தால் போர்ட்டை மூடும் பி.பி.டி.யு. கார்ட் போட்டிருந்தும் பயனில்லை.

இப்போது அந்த மறுப்புக்கு வருகிறேன்.

“எதையும் தொடாதீங்க” என்பது சும்மா வந்த வார்த்தை அல்ல. ஓரிடத்தில் கழற்றிய கேபிளைத் திரும்பக் குத்தும்போது போர்ட் மாறி, வேறு வீலானுக்குள், அதாவது தனியாகப் பிரித்த நெட்வர்க்குக்குள், போய், பில் அடிக்கும் மெஷின் இரண்டு நாள் கிடந்தது. இன்னோரிடத்தில் சுவிட்சை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினார்கள். லொக் மெமரியில் மட்டுமே இருந்ததால் காரணத்தைச் சொல்லும் வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதோடு அந்த ஒஃபிஸ் சுவிட்சில் இருந்த 14 கேபிளில் ஒன்றுக்கும் லேபல் கிடையாது. பெயர் தெரியாத வயரைக் கழற்றச் சொல்லி எப்படி நான் போனில் சொல்வது?

லேபல் ஒட்ட வேண்டியது யார் வேலை என்று உடனே மனம் கேட்கிறது. என் வேலை. மேலும், ஏற்கெனவே செத்துக் கிடந்த நெட்வர்க்கில் ஒரு கேபிளைக் கழற்றி அவர் எதைக் கெடுத்திருக்க முடியும்? லூப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சரியான கேபிளை உருவிய மறுநொடி விளக்குகள் அடங்கிவிடும், காத்திருக்கத் தேவையில்லை. கழற்றுங்கள், மூன்று எண்ணுங்கள், அடங்காவிட்டால் அதே ஓட்டையில் திரும்பக் குத்துங்கள். 14 கேபிளுக்கு நான்கு நிமிடம்.

இந்தப் பேச்சைப் பல தடவை மனதுக்குள் திருத்திப் பேசிப் பார்த்திருக்கிறேன். திருத்திய பேச்சிலும் “மஞ்சள் வயர மட்டும் விட்டுடுங்க ஐயா” என்றுதான் சொல்கிறேன். மஞ்சள் என்பது சிங்கிள் மோட் ஃபைபர், கண்ணாடி இழை. கிளிப்பை அமுக்காமல் இழுத்தால் முறிந்துவிடும் என்ற பயம். மடுவத்துக்குப் போவது அந்த மஞ்சள் ஃபைபர்தான். என் நிதானமான புத்தியும் சரியான கேபிளையே தடுக்கிறது. ஆனாலும் செம்புக் கேபிள் ஒவ்வொன்றையும் கழற்றிக் குத்திய பிறகும் விளக்குகள் அடங்கியிருக்காது, மிஞ்சுவது மஞ்சள் மட்டும்தான். அதையும் அவர் பார்த்துச் சொல்லியிருப்பார். கிளிப்பை அமுக்குவது எப்படி என்று போனில் சொல்ல அரை நிமிடம் போதும்.

பிறகு செய்தவை: மடுவத்துக்குத் தனி வீலான். மேசைக்கடியில் நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச். அதில் தனக்கென வேறு முகவரியில் பிரேம் அனுப்பி லூப்பைக் கண்டுபிடிக்கும் வசதி. ஒஃபிஸ் சுவிட்சின் மஞ்சள் போர்ட்டில், புரோட்காஸ்ட்டுக்கு வரம்பு போடும் ஸ்டோர்ம் கன்ட்ரோல். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பலர் 1 சதவீதம் என்று போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கிகாபிட் போர்ட்டில் 64 பைட் பிரேம் நொடிக்கு 1,488,095 வரை போகும். அதில் 1 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14,880. சின்ன ரவுட்டரைத் திணறடிக்க அதுவே போதும். சுவிட்ச் இடம் கொடுத்தால் எண்ணிக்கையில் வரம்பு போடுங்கள். இந்த அளவு ஒஃபிஸுக்கு நொடிக்கு 200 தாராளம். வரம்பு மீறினால் போர்ட்டை மூடுவதா, மிஞ்சியதை மட்டும் வீசுவதா என்பதில் எனக்கு இன்னும் முடிவான எண்ணம் இல்லை. மூடினால் மடுவத்து நிறுவை நிற்கும். இப்போதைக்கு வீசச் சொல்லி, லொக்கை வேறு மெஷினுக்கு அனுப்ப வைத்திருக்கிறேன்.

கேபிள்களுக்குத் தமிழில் லேபல் ஒட்டியாயிற்று. மடுவம், டீமேக்கர் ரூம், கேமரா, பங்களா.

போன மாதம் மின்னலில் அந்த லிங்க் மறுபடி விழுந்தது. கிளாக்கர் ஐயாதான் கூப்பிட்டார்.

“நான் ஒண்ணையும் தொடல தம்பி.”

“அது சரி ஐயா. லைட்டெல்லாம் எப்படி இருக்கு? நீங்க பாக்குறத அப்படியே சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மழை தகரத்தில் விழுவது கேட்டது.

“எரியுது தம்பி” என்றார். “நீங்களே வந்து பாருங்க.”